ராத்திரியில் யாராவது போறாங்களா?

கொன்றைக்காட்டுப்புதூர்,
தாராபுரம் வழி.
14 ஜூன்

மெட்ராஸைத் தனியாளாத் தாங்கிப் பிடிச்சிட்டிருக்கற மதிவதனி அத்தைக்கு,

அடங்காத மருமகன் கௌதமன் எழுதறதுங்க. இங்க நான், அம்மா, அப்பா, அப்பாவோட குட்டியானை வண்டி நாலு பேரும் சௌக்கியம். வண்டிக்கு மட்டும் லேசா இருமல். உங்க சௌக்கியத்துக்கு ஒரு பதில், உங்க முட்டிவலியோட சௌக்கியத்துக்கு ஒரு பதில், தனித்தனியாப் போடுங்க.

இந்தக் காலத்துல லெட்டரான்னு பாக்கறீங்களா? என் போன் பீரோவுக்குள்ள தண்டனை அனுபவிக்குதுங்க. எங்க ஹெச்.எம். குரல்ல ‘நாளைக்குப் பள்ளி விடுமுறை’ன்னு பேசி கிளாஸ் குரூப்புல போட்டுட்டேன். பாதிப் பேர் வரல. அது கூடப் பரவால்லீங்க, ஹெச்.எம்.மே ஒரு நிமிஷம் நம்பிப்போட்டாராம். பிளஸ் டூ பரீட்சை முடியற வரைக்கும் போன் கிடையாதுன்னு அப்பா பீரோச் சாவியை அரைஞாண்ல கட்டிட்டுச் சுத்தறாரு.

அம்மா போன்ல பேசலாம்னா, உங்க பேரை எடுத்தாலே அப்பா டிவி சத்தத்தைக் கூட்டறாரு. அக்கா கல்யாணத்துக்கு நீங்க வராம ஆபீஸ்ல பட்ஜெட் வேலைன்னு சொன்னது அவருக்கு இன்னும் ஆறலீங்க. போஸ்ட்மேன் வர்ற நேரத்துக்கு அப்பா முருங்கைக்காய் லோடுல ஒட்டன்சத்திரத்துல இருப்பாரு, அதனால பதிலைத் தைரியமாப் போடுங்க.

ஒரு சந்தோஷ சேதி. ஈரோட்டுல இளவேனில் அக்கா முழுகாம இருக்குது. டிசம்பர் நடுவுல நான் தாய்மாமன். பதவி வந்ததும் பழசெல்லாம் மறந்துடுவேன், இப்பவே மரியாதை குடுத்து வைங்க.

விஷயத்துக்கு வாரேன். சுதந்திர தினத்துக்கு ஊர் மேடையில பேச்சுப் போட்டி. ‘நாட்டின் கடனைக் குறைக்க அரசு தன் செலவைக் குறைக்க வேண்டுமா?’ சீட்டுக் குலுக்குனதுல எனக்குக் ‘குறைக்கவே வேண்டும்’ அணி. சிக்கனத்தைப் பத்திப் பேசோணுமாம். எனக்கு அந்த வார்த்தையில முதல் பாதி மட்டும்தான் பிடிக்கும். அரசாங்கச் செலவை வெட்டற கத்திரிக்கோல் நிதித்துறையில உங்க மேசை மேலதான் இருக்குதுன்னு அம்மா சொல்லுச்சு. கொஞ்சம் பாயிண்ட் வெட்டி அனுப்புங்க.

காலைத் தொட்டுக் கும்பிட்டுக்கறேன் (முட்டிக்குக் கீழதான், வலிக்காது),
கௌதமன்

—

சென்னை,
22 ஜூன்

கண்ணு கௌதமா,

உன் கடிதம் கிடைத்தது. நான் நலம். முட்டி நலமில்லை. தனித்தனியாகச் சொல்லிவிட்டேன்.

இளவேனில் சேதி படித்து அலுவலகத்தில் என் மேசையிலேயே சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அண்ணன் கோபம் நியாயம்தான். அதைப் பற்றி இன்னொரு நாள்.

நீ கேட்டதற்கு வருகிறேன். ஒரு வீட்டுக் கணக்கையும் அரசுக் கணக்கையும் ஒன்றாகப் பேசாதே. எதிரணி அங்கேதான் உன்னைப் பிடிக்கும். அரசு வரியைக் கூட்டலாம், புதுக் கடன் வாங்கிப் பழையதை அடைக்கலாம். வீடு அப்படிச் செய்ய முடியாது. ஆனால் வட்டி யாருக்கும் நிற்பதில்லை. வட்டிக்குப் போகிற ஒவ்வொரு ரூபாயும் எங்கோ கட்டாமல் விட்ட வகுப்பறை என்று சொல். இன்றைக்குக் கைவைக்க நாம் பயந்தால், நாளைக்கு இன்னும் பெரிதாக வெட்ட வேண்டி வரும், அப்போது எதை வெட்டுவது என்று தேர்ந்தெடுக்கிற வசதிகூட இருக்காது என்று சொல். இது நான் நம்புகிற விஷயம். பேச்சுக்காகச் சொல்லவில்லை.

‘எதை வெட்டுவீர்கள்?’ என்று கேட்பார்கள். யாரும் பயன்படுத்தாததை என்று பதில் சொல். அதற்கு மேல் யாராலும் கேட்க முடியாது.

இன்னொன்று. சும்மாதான் கேட்கிறேன். நம்மூர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ராத்திரியில் நர்ஸ் தங்குகிறாளா? பிரசவத்துக்கு ராத்திரியில் யாராவது போகிறார்களா? விசாரித்து எழுது. நான் கேட்டதாக யாரிடமும் சொல்ல வேண்டாம்.

அண்ணியைக் கேட்டதாகச் சொல். நீ படிப்பில் குறை வைக்காதே.

உன் அத்தை,
மதிவதனி

—

கொன்றைக்காட்டுப்புதூர்,
3 ஜூலை

கத்திரிக்கோல் அத்தைக்கு,

சோத்து வட்டிலும் வட்டியும் ஒண்ணுங்க அத்தை, ரெண்டுலயும் போட்டது காணாமப் போயிருது. இந்த வரியை என் பேச்சுல முதல்ல வைக்கறேன். நல்லாருக்குதா?

இங்க எல்லாரும் சுகம். நீங்க கேட்ட ரகசிய விசாரணை அறிக்கை கீழ்க்கண்டவாறு சமர்ப்பிக்கப்படுகிறதுங்க.

நம்மூர் ஆஸ்பத்திரியில ராத்திரி டியூட்டிக்கு மெர்சி அக்கா இருக்குது. தொகுப்பூதியத்துல வேலை, பர்மனென்ட் இல்ல. நானும் பசங்களும் கிரிக்கெட் முடிஞ்சு அந்த வழியாத்தான் ஊட்டுக்கு வருவோம். உள்ள ஒரு டியூப்லைட்டு எரியும். மெர்சி அக்கா நைட்டி மேல கோட்டைப் போட்டுட்டு உக்காந்திருக்கும். கூட்டம்னு பாத்தா சுவத்துல இருக்கற பல்லிதான். போன மாசம் அங்க பிரசவம் ஆனதும் பல்லிக்குத்தான், தாயும் முட்டையும் நலம். வராண்டாவுல ஒரு நாய் அட்மிட் ஆகியிருக்குது. மத்தபடி ராத்திரி ஒரு ஈ காக்கா போறதில்லீங்க.

விசாரணை அதிகாரிக்குப் படி எதுவும் உண்டுங்களா?

இப்படிக்கு, அரசுக்குச் செலவு வைக்காத
கௌதமன்

—

சென்னை,
30 ஜூலை

அன்புள்ள கௌதமா,

பதில் எழுத நாளாகிவிட்டது. இங்கே எல்லோரும் இரவு வரை உட்கார்ந்து வேலை பார்க்கிறோம். உடம்புக்கு ஒன்றுமில்லை. அங்கே எல்லோரும் நலமாக இருக்க வேண்டும்.

உன் கடிதத்தைப் படித்துச் சிரித்தேன். பிறகு இரண்டாம் தடவை படித்தேன். பல்லி விஷயம் விளையாட்டுக்கு எழுதியதா, நிஜமாகவே ராத்திரியில் யாரும் போவதில்லையா? ஒரு வரி போதும். இந்த ஒன்றில் மட்டும் விளையாடாதே.

இளவேனில் பிரசவம் ஈரோட்டிலேயே நடக்கட்டும். மாப்பிள்ளை வீட்டுக்குப் பக்கத்தில் பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறது. தலைப்பிரசவம் அம்மா வீட்டில்தான் என்று அண்ணன் சொல்வார். நான் சொன்னதாக வேண்டாம், நீயே பக்குவமாக அண்ணியிடம் பேசிப் பார்.

மதிவதனி

—

கொன்றைக்காட்டுப்புதூர்,
18 ஆகஸ்ட்

முதல் பரிசுக்காரனின் அத்தைக்கு,

வணக்கமுங்க. கோப்பை என் மேசை மேல இருக்குது. அம்மா அதுல புளியைப் போட்டு வைக்கறேன்னு கேட்டுட்டிருக்குது. உங்க முட்டி எப்படி இருக்குதுங்க?

ஊர் சனம் பூரா வந்திருந்தாங்க. உங்க பாயிண்டெல்லாம் சொன்னேன், யாரும் அசையல. கடன், வட்டின்னா அவங்கவங்க கடன் ஞாபகம் வந்து மூஞ்சி சுண்டிப்போகுது. எதிரணியில ரெபேக்கா எழுந்து ‘அப்படின்னா எதைத்தான் வெட்டுவீங்க?’ன்னு கேட்டா. சபை பூரா என்னைப் பாக்குது. நான் பல்லியை அவுத்து விட்டேன் பாருங்க. ‘நம்மூர் ஆஸ்பத்திரியில நடக்கறது நைட் டியூட்டி இல்லீங்க, நைட்டி டியூட்டி’ன்னு சொல்லி, மெர்சி அக்கா தூக்கத்துல ஊசியைத் தேடற மாதிரி நடிச்சும் காமிச்சேன். பிரசிடெண்டு சிரிச்சு சிரிச்சு நாற்காலியோட பின்னால சாஞ்சுட்டாரு. இப்ப ஊருக்குள்ள சின்னப்பசங்க கூட மெர்சி அக்கா ஸ்கூட்டி போனா ‘நைட்டி டியூட்டி’ன்னு கத்தறாங்க. அக்கா சிரிச்சுட்டேதான் போகுது. ஆனா ஹாரன் அடிக்கறதில்ல இப்பெல்லாம்.

ஈரோட்டு விஷயத்தை அம்மா காதுல போட்டேன். அம்மா அப்பா காதுல போட்டுச்சு. அப்பா, ‘இந்த யோசனை எங்கிருந்து பொறப்பட்டுது?’ன்னு கேட்டாரு. நான் கூரையைப் பாத்தேன். கண்டுபிடிச்சுட்டாருங்க. ‘புள்ளைக்குத் தலைப்பிரசவம் அவங்க அப்பன் ஊட்டுல. இதை மெட்ராஸ்ல இருந்து யாரும் சொல்லித்தர வேண்டாம்’னு சொல்லிப்போட்டு வண்டி எடுத்துட்டுப் போயிட்டாரு.

ஏனுங்க அத்தை, ஈரோடு ஏன்?

வெற்றிவீரன்
கௌதமன்

—

சென்னை,
2 செப்டம்பர்

கௌதமா,

பரிசுக்கு வாழ்த்து. நான் கேட்ட ஒரு வரியை நீ எழுதவில்லை. இப்போது எழுதினாலும் பயனில்லை, விடு.

ஈரோடு ஏன் என்று கேட்டாய். என்னால் காரணம் சொல்ல முடியாது. என் வேலை அப்படி. ஒரு தாளில் இருப்பதை அது வெளியே வரும்முன் நான் வாயால் சொன்னால் நாளைக்கு எனக்கு இந்த நாற்காலி இல்லை. நம் குடும்பத்தில் இப்படி ஒரு நாற்காலியில் முதலில் உட்கார்ந்தவள் நான். காடு காடாகக் கூலிக்குப் போய் அதற்காக அண்ணன் பட்டது அவருக்கே மறந்திருக்கும், எனக்கு மறக்காது.

நேற்று இளவேனிலுக்குப் போன் செய்தேன். நன்றாகப் பேசினாள், குரலில் கொஞ்சம் மூச்சு வாங்கியது. ‘கட்டுச்சோறு போட்டு அம்மா வீட்டுக்குக் கூட்டிப்போவதெல்லாம் வேண்டாம் கண்ணு, நீ ஈரோட்டிலேயே இரு’ என்றேன். ‘ஏனுங்க அத்தை?’ என்றாள். உடம்பைப் பார்த்துக்கொள் என்று வைத்துவிட்டேன்.

தாராபுரத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற எந்த ஊரிலும் அவள் இந்தக் குளிர்காலத்தில் இருக்க வேண்டாம். இதற்கு மேல் என்னை எழுத வைக்காதே.

எல்லோரும் நலமாக இருங்கள்.
மதிவதனி

—

கொன்றைக்காட்டுப்புதூர்,
29 செப்டம்பர்

அத்தைக்கு,

நலமுங்க. நீங்க நலமான்னு கேக்கறதுக்குக் கூட இப்ப ஒளிஞ்சுதான் எழுத வேண்டியிருக்குது.

நீங்க அக்காகிட்ட பேசுனது, அக்கா அம்மாகிட்ட சொல்லி, அம்மா அப்பாகிட்ட சொல்லி, ஊட்டுக்குள்ள இடி விழுந்துருச்சு. அப்பா சொன்னதை அப்படியே எழுதுனா உங்களுக்குக் கஷ்டமா இருக்கும். எழுதாம விட்டா எனக்குக் கஷ்டமா இருக்குது. ‘ஒண்ணைப் பெத்துப் பாத்திருந்தா அவளுக்குத் தெரியும். கல்யாணத்துக்கு வராதவ, கட்டுச்சோத்தையும் நிறுத்தப் பாக்கறாளா’ன்னாரு. உங்க நம்பரை அம்மா போன்லயும் அவரு போன்லயும் பிளாக் பண்ணச் சொல்லி என்னையேதான் கூப்பிட்டாரு. பண்ணிக் குடுத்தேன். அக்காவையும் உங்க போனை எடுக்கக் கூடாதுன்னு சொல்லி வெச்சிருக்காரு.

கட்டுச்சோறு நல்லபடியா முடிஞ்சுதுங்க. புளிச்சோறு, தக்காளிச்சோறு, தேங்காய்ச்சோறு, எள்ளுச்சோறுன்னு அண்டா அண்டாவா ஈரோட்டுக்குக் கொண்டுபோயி, எல்லாருக்கும் போட்டு, வளையல் போட்டு, அக்காவைக் குட்டியானை முன்சீட்டுல உக்கார வெச்சுக் கூட்டிட்டு வந்துட்டோம். நான் பின்னாடி காலி அண்டாவோட அண்டாவா வந்தேன். அக்கா ஊட்டுக்காரர் தமிழ்வேந்தன் மாமா வாசல்ல நின்னு பாத்துட்டே இருந்தாரு. அவருக்கும் மில்லுல லீவு இல்ல.

அக்கா இப்ப இங்கதான் இருக்குது. காலு கொஞ்சம் வீங்கியிருக்குது. அம்மா, வழக்கம்தான்னு சொல்லுது.

இன்னொரு விஷயமுங்க. போன வாரம் ஒரு லாரி வந்து ஆஸ்பத்திரி ஜெனரேட்டரை ஏத்திட்டுப் போச்சு. ரிப்பேருக்கான்னு கேட்டா டிரைவர் சிரிக்கறான். முந்தாநாள் மெர்சி அக்கா ஊடு ஊடா ஒரு மனு கொண்டுவந்துச்சு. ராத்திரி நர்ஸு வேலையை எடுக்கப்போறதாப் பேச்சு அடிபடுதாம், ஊர் சனம் கையெழுத்துப் போட்டுக் கலெக்டருக்குக் குடுத்தா நிறுத்துவாங்களாம். எங்க வீதியில முதல் ஊட்டுலயே ‘நைட்டி டியூட்டியா?’ன்னு சிரிச்சுட்டுக் கதவைச் சாத்துனாங்க. அப்பா கையெழுத்துப் போட்டாரு. பெருசா யாரும் போடலீங்க.

மெர்சி அக்கா என்கிட்ட வந்து, ‘தம்பி, நீங்க கிரிக்கெட் முடிச்சு ஆறு மணிக்குப் போயிருவீங்க. காட்டு வேலைக்குப் போறவங்களுக்கு வலி வந்தாலும் பொழுது சாஞ்சு ஊடு வந்துதான் சொல்லுவாங்க. எனக்கு ஆளு வர்றதே எட்டு மணிக்கு மேலதான்’னு சொல்லுச்சு. கோவமாச் சொல்லல. அதுதான் என்னமோ போல இருக்குது.

நான் சும்மா சிரிக்கத்தானுங்க எழுதுனேன். உங்களுக்கு எழுதுனதுனால ஒண்ணும் ஆயிருக்காதில்லீங்க?

கௌதமன்

—

கொன்றைக்காட்டுப்புதூர்,
20 அக்டோபர்

அத்தைக்கு,

நலமாங்க? பதிலைக் காணோம். போஸ்ட்மேன் என்னைப் பாத்தாலே தூரத்துல இருந்தே கையை விரிக்கறாரு.

மெர்சி அக்கா போயிருச்சுங்க. தாராபுரத்துல ஒரு துணிக்கடையில பில் போடற வேலை கிடைச்சிருக்குதாம். போறதுக்கு முன்னால ஊட்டுக்கு வந்து இளவேனில் அக்காவுக்கு பிரஷர் பாத்துச்சு. பாத்துட்டு இன்னொரு தடவை பாத்துச்சு. அம்மாவைத் தனியாக் கூப்பிட்டு உப்பைக் குறைங்க, தலைவலின்னு சொன்னா உடனே கூட்டிட்டுப் போங்கன்னு சொல்லுச்சு. ‘எங்க கூட்டிட்டுப் போறது?’ன்னு அம்மா கேட்டுச்சு. மெர்சி அக்கா ஸ்கூட்டி எடுத்துட்டுப் போயிருச்சு.

ஆஸ்பத்திரி கேட்டுல புதுசா போர்டு. காலை ஒன்பது முதல் மாலை நாலு வரை. நாலு மணிக்கு மேல கேட்டுக்குப் பூட்டு. அந்த டியூப்லைட்டு இப்ப எரியறதில்ல. அந்த வழி வர்றப்ப பசங்க பேசறதை நிறுத்திட்டு வேகமா நடக்கறானுக. நானுந்தான்.

மழை விடாம பெய்யுது. முருங்கையெல்லாம் பூ கொட்டிப்போச்சு.

அப்பாகிட்ட நானே தைரியமாக் கேட்டேன், அக்காவை ஈரோட்டுக்கு அனுப்பிரலாமான்னு. ‘கட்டுச்சோறு போட்டுக் கூட்டிட்டு வந்த புள்ளையைப் பெறாம திருப்பி அனுப்புனா, சோறு போட வக்கில்லைன்னு சம்பந்தி ஊட்டுல பேசுவாங்கடா. ஆம்புலன்ஸு இருக்குது. போன் போட்டா கால் மணி நேரத்துல வாசல்ல நிக்கும்’னாரு. அது சரிதானுங்க. போன வருஷம் பக்கத்து ஊட்டுத் திருமூர்த்தி அண்ணன் மயங்கி விழுந்தப்ப அப்படித்தான் வந்துச்சு.

நேரா கேக்கறேன் அத்தை. இந்த நைட் டியூட்டியை வெட்டுனது உங்க ஆபீஸா? நான் எழுதுன பல்லியை நீங்க நம்புனீங்களா?

தமாசுக்குக் கேக்கலீங்க.

கௌதமன்

—

சென்னை,
4 நவம்பர்

அன்புள்ள கௌதமா,

நீ நலமா, இளவேனில் நலமா என்று கேட்டு எழுதுகிறேன். இந்த முறை அது சம்பிரதாயத்துக்குக் கேட்பதில்லை.

உத்தரவு நேற்றுதான் வெளியே வந்தது, கீழே அதற்கு முன்பே வாய்மொழியாக வெட்ட ஆரம்பித்துவிட்டார்கள். இனி நான் சொன்னால் குற்றமில்லை. அதனால் முதலில் முக்கியமானதைச் சொல்கிறேன். ஆம்புலன்ஸை நம்பாதீர்கள். இந்த மாதம் முதல் தேதியிலிருந்து உங்கள் பகுதிக்கான வண்டியை எடுத்துவிட்டார்கள். இரண்டு வட்டாரத்துக்கு ஒரு வண்டிதான். போன் போட்டால் எடுப்பார்கள், வருகிறோம் என்பார்கள். ஆனால் எங்கிருந்து வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. இதை ஊரில் யாருக்கும் இன்னும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

டிசம்பர் நடுவில்தான் நாள். இன்னும் ஆறு வாரம் இருக்கிறது. இந்த ஞாயிறே அவளை ஈரோட்டுக்குக் கொண்டுபோய் விடுங்கள். இந்தக் கடிதத்தை அண்ணனிடமே கொடு. என்னைத் திட்டட்டும். இளவேனில் என் போனை எடுக்கவில்லை, அதனால்தான் தபால்.

நீ கேட்டதற்கும் பதில் சொல்கிறேன். ஆமாம், என் பிரிவுதான். ராத்திரியில் ஆள் குறைவாக வருகிற நிலையங்கள் என்று மாவட்டங்களிலிருந்து வந்த பட்டியலில் நம்மூர் பெயரும் இருந்தது. ஒரு கோடு போட்டு அதை எடுத்திருக்கலாம். எடுத்தால் அந்த இடத்தில் இன்னோர் ஊரை வைக்க வேண்டும், அங்கேயும் ஓர் இளவேனில் இருப்பாள் என்று நினைத்தேன். என் ஊருக்கு ஒரு நியாயம், அடுத்த ஊருக்கு ஒரு நியாயம் என்று செய்யக் கூடாதென்று நினைத்தேன். இப்போதும் அது தப்பென்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஆனால் சரியென்று சொல்லவும் வாய் வரவில்லை.

உன் கடிதத்தை நம்பித்தான் விட்டேன் என்று சொல்ல மாட்டேன். நம்ப விரும்பினேன். ராத்திரி ஒரு ஈ காக்கா போவதில்லை என்று நீ எழுதியது எனக்கு வசதியாக இருந்தது. அண்ணியிடம் கேட்டிருக்கலாம், அந்த நர்ஸிடமே கேட்டிருக்கலாம். கேட்டால் வேறு பதில் வந்துவிடும் என்று தோன்றியது, அதனால் கேட்கவில்லை.

கடன் குறையத்தான் வேண்டும் கௌதமா. அதில் எனக்கு மாற்றமில்லை. யாரும் பயன்படுத்தாததை வெட்டு என்று உனக்கு எழுதினேனே, அதை யார் பார்த்துச் சொல்வது என்று மட்டும் நான் எழுதவில்லை.

இன்றே தபாலில் சேர்க்கிறேன். கிடைத்ததும் யார் போனிலிருந்தாவது ஒரு வார்த்தை சொல்.

மதிவதனி

—

கோயம்புத்தூர்,
24 நவம்பர்

அத்தைக்கு,

நாங்க எல்லாரும் இங்க கோயம்புத்தூர்ல பெரிய ஆஸ்பத்திரியில இருக்கறோம். அக்கா பொழச்சுக்குச்சு. அதை முதல்ல எழுதிடறேன்.

உங்க லெட்டர் எட்டாந்தேதி ஊருக்கு வந்துச்சு. ஆறாந்தேதி சாயந்திரமே எல்லாம் முடிஞ்சுபோச்சு.

அன்னைக்கு மத்தியானத்துல இருந்தே அக்கா தலை வலிக்குதுன்னு சொல்லிட்டிருந்துச்சு. தைலம் தேய்ச்சுட்டுப் படுத்துச்சு. விளக்கு வைக்கற நேரத்துக்கு எழுந்து, ‘கௌதமா, லைட்டைப் போடு, கண்ணு தெரிய மாட்டேங்குது’ன்னுச்சு. லைட்டு எரிஞ்சுட்டுத்தான் இருந்துச்சுங்க. எப்பவும் நான் விளையாடறவன்தான, கரண்ட் கட்டுன்னு சொல்லலாம்னு வாய் வரைக்கும் வந்துச்சு. அதுக்குள்ள அக்காவுக்குக் கையும் காலும் வெட்டி வெட்டி இழுக்க ஆரம்பிச்சிருச்சு.

அப்பா லோடுல ஒட்டன்சத்திரத்துல இருந்தாரு. அம்மா ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டுச்சு. வண்டி வேற ஒரு கேஸுல இருக்குது, முடிஞ்சதும் வரும்னாங்க. திருப்பிப் போட்டப்பவும் அதையேதான் சொன்னாங்க. நான் ஆஸ்பத்திரிக்கு ஓடுனேன். பூட்டுன்னு தெரியும், தெரிஞ்சும் ஓடுனேன். கேட்டைப் புடிச்சு ஆட்டுனேன். நாய் மட்டும் எழுந்து வந்து பாத்துச்சு. கடைசியில திருமூர்த்தி அண்ணன் பால் வண்டியில கேனையெல்லாம் ரோட்டுல இறக்கிப்போட்டு அக்காவை ஏத்துனாரு. தாராபுரத்துல பாத்துட்டு இங்க முடியாதுன்னு கோயம்புத்தூருக்கு அனுப்புனாங்க.

பாப்பா வயித்துலயே போயிருச்சுங்க. பொண்ணு.

மெர்சி அக்கா சேதி கேட்டு துணிக்கடையில லீவு சொல்லிட்டு வந்துச்சு. பிரஷர் ஏறி வலிப்பு வராம தடுக்க ஒரு ஊசி இருக்குதாம். அதைப் போட்டுத்தான் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவாங்களாம், நம்மூர் ஆஸ்பத்திரியிலயே இருந்துச்சாம். இதை அக்காகிட்டயோ அப்பாகிட்டயோ சொல்லல, வராண்டாவுல என்கிட்ட மட்டும் சொல்லுச்சு. நான் மேடையில பேசுனதைப் பத்தி ஒரு வார்த்தை கேக்கல.

அப்பா உங்க நம்பர்ல இருந்த பிளாக்கை எடுக்கச் சொன்னாரு. எடுத்துக் குடுத்தேன். போனைக் கையிலயே வெச்சிருக்காரு, போட மாட்டேங்கறாரு. வர்றவங்ககிட்டயெல்லாம் உங்களைப் பத்தித்தான் பேசறாரு. ‘என் தங்கச்சி அன்னைக்கே சொன்னா, கூட்டிட்டுப் போகாதீங்கன்னு. காரணம் கேட்டா அவளுக்கே சொல்லத் தெரியல. மாசாணியம்மாதான் அவ நாக்குல உக்காந்து சொல்லியிருக்கறா. நான்தான் வீம்புல கேக்காமப் போயிட்டேன்’னு சொல்லிச் சொல்லி அழறாரு.

உங்க லெட்டரை அவருகிட்ட குடுக்கலீங்க. அக்காவுக்கு மட்டும் படிச்சுக் காமிச்சேன். அக்காவுக்கு இன்னும் பார்வை முழுசா வரல, எழுத்தெல்லாம் கலங்கலாத் தெரியுதாம். அப்புறம் என்னை எழுதச் சொல்லிச் சொன்னதை அப்படியே எழுதறேன்:

‘அத்தை, நீங்க வாங்க. அப்பா உங்களைப் பாக்கோணும். உங்களுக்கு முன்னாலயே தெரியும்னு அவருக்கு எப்பவும் தெரிய வேண்டாம். சாமி சொல்லுச்சுன்னு நெனச்சா அழுதுட்டாவது இருப்பாரு. ஆபீஸ்ல எழுதுனாங்கன்னு தெரிஞ்சா அவருக்கு அழக்கூட வராது. எப்படித் தெரிஞ்சுதுன்னு கேட்டா, மனசுல பட்டுதுன்னு சொல்லுங்க. பாப்பாவுக்குன்னு ஏதாவது வாங்கி வெச்சிருந்தா கொண்டு வராதீங்க. எனக்கு உங்க மேல கோவம் இருக்குதா இல்லையான்னு இன்னும் தெரியல. வாங்க, பாத்துக்கலாம்.’

லெட்டரை எரிச்சுடச் சொல்லுச்சு. ஆஸ்பத்திரிக்குப் பின்னால குப்பை எரிக்கற இடத்துல போட்டுட்டு, எரிஞ்சு முடியற வரைக்கும் நின்னேன்.

அக்காவுக்கு அதை முழுசாப் படிச்சுக் காமிக்கலீங்க அத்தை. ராத்திரி ஒரு ஈ காக்கா போறதில்லைன்னு நான் எழுதுனதா நீங்க எழுதியிருந்தீங்களே, அந்தப் பத்தி வந்தப்ப இருமற மாதிரி இருமிட்டு அடுத்த பத்திக்குப் போயிட்டேன். அக்காவுக்குத் தெரியாது.

நீங்க வர்றப்ப அக்கா பக்கத்துல உக்காந்து பேசுவீங்க. அப்ப அதைச் சொல்லிராதீங்க.

கௌதமன்